கையிருப்பே சுதந்திரம்: தென்காசிச் சீமையில் தொழில் தொடங்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாரே, தங்கைமாரே,

சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடாவிலும் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பி, தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர், சங்கரன்கோவில், ஆலங்குளம் பக்கங்களில் தொழில் தொடங்கியிருக்கிறீர்கள். உங்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி எடுத்துத் தரம் பிரித்துக் கேரளத்துக்கு அனுப்புகிறவர்கள், புளியங்குடி எலுமிச்சையை ஊறுகாயாக்கிப் பாட்டிலில் அடைப்பவர்கள், சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுகிறவர்கள், வாடகை மாடியில் நாலு கம்ப்யூட்டர் போட்டு மென்பொருள் எழுதுகிறவர்கள் என உங்களில் பலரை நேரிலேயே அறிவேன். நான் பிரானூர்ப் பக்கம் லேத் பட்டறை நடத்துகிறவன். மர அறுவை மில்லுக்கும் செங்கல் சூளைக்கும் உதிரிபாகம் கடைந்து கொடுப்பது என் பிழைப்பு. சரித்திரப் புத்தகம் படிப்பது ராத்திரிப் பழக்கம்.

உங்களைச் சந்திக்கும்போதெல்லாம் இரண்டு கேள்விகள் தவறாமல் வருகின்றன. "அண்ணே, பேங்க்ல எவ்வளவு லோன் கிடைக்கும்?" என்பது ஒன்று. "முதலீடு போட யாராவது வருவாங்களா?" என்பது இன்னொன்று. மாதக் கடைசியில் கையில் என்ன மிஞ்சுகிறது, அதை எங்கே வைத்திருக்கிறோம் என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. எனக்கு அதுதான் முதல் கேள்வியாகப் படுகிறது. ஒரு தொழிலுக்குக் கையிருப்புதான் சுதந்திரம். கையிருப்பு இல்லாதவன் எவ்வளவு பெரிதாக வளர்ந்தாலும், அவன் தொழிலின் முடிவுகளை வேறு யாரோதான் எடுப்பார்கள். இந்த ஒன்றைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

குற்றாலத்திலிருந்தே தொடங்குகிறேன். அங்கே சீசன் கடை போடுகிறவர்களின் பாட்டை நாமெல்லாம் அருகிலிருந்து பார்த்தவர்கள். சீசனுக்கு முன்பே கடையை ஏலத்தில் எடுத்துப் பணம் கட்டியாக வேண்டும். நேந்திரங்காய்க் குலையும் எண்ணெய் டின்னும் கடன் சரக்காக வந்து இறங்கும். அடுப்பு, வாணலி, பந்தல், இரண்டு வேலையாட்கள் என்று எல்லாம் தயார். பிறகு எல்லாரும் மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தென்மேற்குப் பருவக்காற்று நேரத்துக்கு வந்து சாரல் விழுந்தால் ஆனி, ஆடி முழுக்கக் கூட்டம் அம்மும். சாரல் பொய்த்தால் வாணலியில் எண்ணெய் காயும். வாங்க ஆள் இருக்காது.

இது ஊரறிந்த கதை. இதன் மறுபாதியைத்தான் கூர்ந்து பார்க்கச் சொல்கிறேன். மலையில் கனமழை கொட்டி, மெயின் அருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்தால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். வந்த வண்டிகள் அப்படியே திரும்பும். ஆக, தண்ணீர் குறைந்தாலும் கடை ஓடாது, மிஞ்சினாலும் ஓடாது. 2020, 2021 சீசன்களில் கொரோனாத் தடையால் அருவிக்கரைக்கே ஆளை விடவில்லை. அருவி கொட்டிக்கொண்டுதான் இருந்தது, பிழைப்பு நின்றுபோனது. நான் பார்த்தவரை, முந்திய சீசன்களின் லாபத்தில் ஒரு பங்கைத் தொடாமல் வைத்திருந்தவர்கள் அந்த இரண்டு வருஷத்தையும் தாண்டிவிட்டார்கள். தண்டலுக்கும் மீட்டர் வட்டிக்கும் வாங்கிக் கடை போட்டவர்களில் பலர் திரும்ப வரவே இல்லை. வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும் உழைப்பில் ஒரு வித்தியாசமும் கிடையாது.

உங்கள் தொழிலுக்கும் இந்த இரண்டு ஆபத்துகளும் உண்டு. ஆர்டர் வராத ஆபத்து எல்லாருக்கும் புரியும். அளவுக்கு மீறி வரும் ஆர்டரின் ஆபத்து, மாட்டிக்கொண்ட பிறகுதான் புரியும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சின்னப் பட்டறை ஒன்றுக்கு மாதம் 10 லட்ச ரூபாய் ஆர்டர் கிடைக்கிறது. இரும்புக்கு 5 லட்சம், அதுவும் ரொக்கம். கூலி, கரண்ட், வாடகை எல்லாம் சேர்ந்து 3 லட்சம், அதில் கூலி சனிக்கிழமைதோறும் எண்ணிவைக்க வேண்டும். மாதம் 2 லட்சம் லாபம் என்று காகிதம் சொல்லும். ஆனால் வாங்குகிற கம்பெனி 90 நாள் கழித்துத்தான் பணம் தரும் என்றால், முதல் ரூபாய் வந்து சேர்வதற்குள் 24 லட்சத்தைக் கையிலிருந்து போட்டாக வேண்டும். அந்த 24 லட்சம் இல்லாதவன் வட்டிக்கு வாங்குவான். 2 லட்சம் லாபத்தில் பெரும்பங்கு வட்டிக்குப் போகும். நாலாவது மாதம் அந்தக் கம்பெனி விலையைக் குறைக்கச் சொன்னால் மறுக்க முடியாது. மறுத்தால் பழைய பாக்கி வராது. லாபத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே மூடிய பட்டறைகளை நான் பார்த்திருக்கிறேன்.

இது புதிய நோய் இல்லை. நம் கரிசல் காடு 160 வருஷத்துக்கு முன்னாலேயே இதைக் கண்டிருக்கிறது. திருநெல்வேலி என்ற பெயர் அன்றைக்கு உலகச் சந்தையில் ஒரு பருத்தி ரகத்தின் பெயராக வழங்கியது. 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. தென் மாநிலத் துறைமுகங்களை வடக்கத்திக் கப்பற்படை அடைத்துவிட, இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு இல்லாமல் போயிற்று. கண்கள் எல்லாம் இந்தியப் பருத்தி பக்கம் திரும்பின. விலை மூன்று, நான்கு மடங்கு ஏறியது. அந்தப் பணவெள்ளம் பம்பாயில் பங்குச் சூதாட்டமாக மாறியது. கடலைத் தூர்த்து நிலமாக்குவதாகச் சொன்ன கம்பெனியின் பங்குகள் முகமதிப்பைப் போலப் பல மடங்குக்குக் கைமாறின. பிரேம்சந்த் ராய்சந்த் என்ற பருத்தித் தரகர் சொன்னால் வங்கிப் பெட்டி திறக்கும் என்ற நிலை வந்தது. 1865இல் போர் முடிந்தது. பருத்தி விலை சரிந்தது, பங்குகள் காகிதமாயின. பங்குகளை ஈடாக வைத்துக் கடன் கொடுத்த பம்பாய் வங்கியும் சில வருஷங்களில் மூடப்பட்டது.

போர்க்கால விலையை நிரந்தர விலை என்று நம்பியதுதான் அவர்கள் கெட்ட வழி. அந்த ஆட்டம் அடங்கிப் பல ஆண்டுகள் கழித்து, 1880களில், ஹார்வி சகோதரர்கள் பாபநாசம் மலையடிவாரத்தில், விக்கிரமசிங்கபுரத்தில், தாமிரபரணித் தண்ணீரின் விசையை நம்பி நூற்பாலை வைத்தார்கள். பஞ்சு விளையும் மண்ணும் ஆலை ஓட்டும் தண்ணீரும் அருகருகே இருக்கும் இடமாகப் பார்த்து, விலை ஏறினாலும் இறங்கினாலும் ஓடக்கூடிய தொழிலாக அதை அமைத்தார்கள். அவர்கள் வெள்ளைக்காரர்கள், அதிகாரம் அவர்கள் பக்கம் இருந்தது என்பதையெல்லாம் மறக்க வேண்டாம். ஆனால் அந்த இடத் தேர்விலும் நிதானத்திலும் நாம் படிக்க வேண்டியது உண்டு.

அடுத்து 1906. அந்த வருஷம் அக்டோபர் மாதத்தில் தமிழ்நாட்டில் இரண்டு காரியங்கள் நடந்தன. சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி மஞ்சள் கடிதாசி கொடுத்தது. கோட்டைபோல நின்ற நிறுவனம் அது. ஓய்வூதியக்காரரும் விதவைகளும் வியாபாரிகளும் அங்கே பணம் போட்டால் பத்திரம் என்று நம்பியிருந்தார்கள். லண்டன் கூட்டாளியின் சூதாட்ட முதலீடுகளில் அந்தப் பணம் கரைந்துபோனது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறைக்குப் போனார். அந்த அடியிலிருந்துதான், நம் பணத்தை நாமே காக்கும் வங்கி வேண்டும் என்று வழக்கறிஞர் வி.கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் முன்வந்தார்கள். 1907 ஆகஸ்ட் 15 அன்று இந்தியன் வங்கி பிறந்தது.

அதே அக்டோபரில் தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்ச ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். வ.உ.சி.யைத் தியாகியாக நமக்குத் தெரியும், செக்கிழுத்த செம்மலாகத் தெரியும். தொழில் நடத்தியவராக அவரைப் படித்தவர்கள் குறைவு. தயவுசெய்து படியுங்கள். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்ட பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்கு எதிராக அவர் இறங்கியபோது முதலில் சொந்தக் கப்பல் கிடையாது. பம்பாய்க் கம்பெனி ஒன்றிடம் வாடகைக்கு எடுத்து ஓட்டினார். பிரிட்டிஷ் கம்பெனி அந்தப் பம்பாய்க் கம்பெனியை நெருக்கியது. வாடகைக் கப்பல் திரும்பப் போய்விட்டது. இலங்கையிலிருந்து வேறு கப்பலை அமர்த்திச் சமாளித்துக்கொண்டே, சொந்தக் கப்பலுக்குப் பங்குப் பணம் திரட்ட அவர் ஊர் ஊராக அலைந்தார். 1907இல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் வந்து சேர்ந்தன. காலியாவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட பயணிகளும் 4,000 மூட்டைச் சரக்கும் போகலாம்.

எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. சுதேசிக் கம்பெனியும் குறைத்தது. எதிராளி இன்னும் இறங்கி இறங்கி, கடைசியில் இலவசமாகவே ஏற்றிக்கொள்கிறோம், குடையும் தருகிறோம் என்றான். அந்தக் குடையின் விலையை யார் கொடுத்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்கு எத்தனையோ கடல் வழிகளில் வருமானம் இருந்தது. ஒரு வழியில் வருஷக்கணக்கில் நஷ்டப்பட்டாலும் தாங்கும். சுதேசிக் கம்பெனிக்கு இருந்தது ஒரே வழி. போதாததற்குத் துறைமுக அதிகாரிகளும் அரசாங்கமும் எதிராளி பக்கம். அப்படியும் மக்கள் சுதேசிக் கப்பலில் காசு கொடுத்து ஏறினார்கள். வ.உ.சி.யின் அரசியலைக் கண்டு கம்பெனி நிர்வாகிகளில் சிலர் அஞ்சத் தொடங்கினார்கள். 1908 மார்ச் 12 அன்று அவரைக் கைது செய்தார்கள். தூண் சாய்ந்ததும் கூரையைத் தாங்க ஆள் இல்லை. 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. காலியா கப்பல் போட்டிக் கம்பெனியிடமே விலைபோனது.

இதில் வ.உ.சி.யின் குறை என்று சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஒரு சாம்ராஜ்யத்தை எதிர்த்து வியாபாரம் செய்தவர் அவர். அவர் பட்ட பாட்டிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்று. முதலாவது, வாடகைக் கப்பலை எந்த நேரமும் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். இன்றைக்கு ஒரே ஒரு ஆன்லைன் தளத்தில் மட்டும் விற்பவர்களும், ஒரே ஒரு பெரிய கம்பெனிக்கு மட்டும் சரக்குப் போடுபவர்களும் வாடகைக் கப்பலில்தான் போய்க்கொண்டிருக்கிறார்கள். இரண்டாவது, இலவசக் குடை எல்லாத் தொழிலுக்கும் ஒரு நாள் வரும். தள்ளுபடி, கேஷ்பேக், பத்து நிமிஷ டெலிவரி என்று இப்போது வருபவை அந்தக் குடையின் வாரிசுகள். அன்றைக்கு நீங்களும் குடை கொடுக்கப் போனால் தோற்பீர்கள். எதிராளியின் பணம் தீரும் வரை நிற்கும் கையிருப்பு இருந்தால் பிழைப்பீர்கள். மூன்றாவது, ஒரு மனிதரை மட்டும் நம்பி நிற்கும் நிறுவனம் அவரோடு சாயும்.

சரி, கையிருப்பைச் சேர்ப்பது எப்படி? அதற்கும் நம் பக்கத்திலேயே வழிகாட்டிகள் உண்டு. விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை நாடார் வணிகர்கள் பேட்டை அமைத்து வியாபாரம் செய்த காலத்திலேயே மகமை என்றொரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். நடக்கும் ஒவ்வொரு வியாபாரத்திலும் ஒரு சிறு தொகையை உறவின்முறைப் பொதுப் பணத்தில் சேர்த்துவிட வேண்டும். லாபம் வந்த பிறகு பார்க்கலாம் என்பதில்லை. மூட்டை கைமாறும்போதே எடுத்துவைத்துவிடுவார்கள். அந்தச் சில்லறைப் பணம் கிணறாயிற்று, சத்திரமாயிற்று, பள்ளிக்கூடமாயிற்று. விருதுநகரில் 1889இல் தொடங்கிய க்ஷத்திரிய வித்யாசாலை அப்படி எழுந்தது. காமராஜர் படித்த பள்ளி அது. 1921இல் தூத்துக்குடியில் தொடங்கிய நாடார் வங்கி 1962இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறி இன்றும் நிற்கிறது. எல்லா வாசல்களும் தங்களுக்கு அடைக்கப்பட்டிருந்த காலத்தில், தங்கள் வாசலைத் தாங்களே கட்டிக்கொண்டவர்களின் கதை அது. மகமையைச் சாதி எல்லைக்கு வெளியே கொண்டுவந்து தொழில் எல்லைக்குள் வைப்பது நம் காலத்துக் கடமை.

மத்தளம்பாறையில் இருக்கும் ஸோஹோவைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் ஸ்ரீதர் வேம்பு முதலானோர் தொடங்கிய கம்பெனிதான் இன்றைய ஸோஹோ. வெளி முதலீட்டாளர் பணத்தை வாங்குவதில்லை என்பதில் உறுதியாக நின்ற நிறுவனம். 2001ஐ ஒட்டி அமெரிக்காவில் இணையக் கம்பெனிகள் வரிசையாகச் சரிந்தபோது அவர்களுடைய வாடிக்கையாளர்களும் காணாமல் போனார்கள். கடனும் முதலீட்டாளர் நெருக்கடியும் இருந்திருந்தால் அன்றே கதை முடிந்திருக்கும். சேர்த்துவைத்த பணம் இருந்ததால் ஆட்களை வைத்துக்கொண்டு புதிய மென்பொருள்களை எழுத முடிந்தது. பிளஸ் டூ முடித்த பிள்ளைகளை உதவித்தொகை கொடுத்துப் பழக்கி வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். 2011இல் தென்காசிப் பக்கம் சிறிதாக அலுவலகம் வந்தது. லாபத்துக்காகக் காத்திருக்கும் வெளியாள் இல்லாததால்தான் இப்படிப்பட்ட, உடனே பலன் தராத காரியங்களைச் செய்ய முடிந்தது என்பது என் எண்ணம்.

மென்பொருளுக்கு இரும்பு வாங்க வேண்டியதில்லை, எங்களுக்கு வேண்டுமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கடனே கூடாது என்று நான் சொல்லவில்லை. எந்திரம் வாங்கக் கடன் வாங்குங்கள். அந்த எந்திரம் ஓடித் தன் தவணையைத் தானே கட்டும். சம்பளம் கொடுக்கவும் பழைய கடனை அடைக்கவும் கடன் வாங்காதீர்கள். வங்கிக்கு வெளியே வட்டிக்கு வாங்கவே வாங்காதீர்கள். ஆர்டர் பெருகும்போது, பணம் எப்போது வரும் என்று கேட்ட பிறகு விலை சொல்லுங்கள். வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து வந்தால், தூக்கம் கெட வேண்டிய நேரம் அது.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பணத்தை அதிகபட்சம் 45 நாளுக்குள் தந்தாக வேண்டும். தாமதித்தால் கூட்டு வட்டி உண்டு. 2024இல் வருமான வரியிலும் இதற்கு ஒரு பிடி வந்தது: அந்தக் கெடுவுக்குள் தராத பணத்தை, கொடுத்து முடிக்கும் வரை வாங்கியவர் செலவாகக் காட்டிக் கழிக்க முடியாது. உத்யம் பதிவு இல்லாமல் இந்தச் சலுகையைக் கேட்க முடியாது. இன்னும் பதியாதவர்கள் இந்த வாரமே பதியுங்கள். இதே நியாயம் நமக்கும் பொருந்தும். நமக்குப் பொருள் தரும் சின்ன வியாபாரிக்கு, வெல்டிங் அடித்துத் தரும் தம்பிக்கு, வீட்டிலிருந்து பாக்கெட் ஒட்டித் தரும் அக்காவுக்கு நாம் எத்தனை நாளில் பணம் தருகிறோம்? நம் மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளின் அடுப்பு, பெண்கள் முறத்தை மடியில் வைத்துச் சுற்றும் பீடியில் எரிகிறது. ஆயிரம் சுற்றினால் இவ்வளவு என்ற கணக்கில் வாழும் அந்தக் கைகளுக்கு இருக்கும் வேகமும் துல்லியமும் எந்தத் தொழிற்சாலைக்கும் வரம். அவர்களை வேலைக்கு எடுங்கள், பழக்குங்கள், சனிக்கிழமை சாயங்காலம் கூலியைக் கையில் கொடுங்கள். கையிருப்புள்ள முதலாளியால்தான் அதைத் தவறாமல் செய்ய முடியும்.

தென்காசிக் கோபுரத்தைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. பதினைந்தாம் நூற்றாண்டில் காசி விசுவநாதர் கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியன், பின்னாளில் இந்தக் கோயிலுக்குக் குறை ஏதும் நேர்ந்தால் அதைச் சரிசெய்து காப்பவர் யாராக இருந்தாலும் அவர்களைப் பணிகிறேன் என்ற பொருளில் கல்லில் வெட்டிவைத்தான். ஒரு மன்னன், இன்னும் பிறக்காத மனிதர்களை வணங்கினான். கோபுரம் சிதைந்தது, நூறு வருஷத்துக்கு மேல் மொட்டைக் கோபுரமாகவே நின்றது. 1990இல் ஏறத்தாழ 180 அடி உயரத்துக்கு மறுபடி எழுந்தது. தொழில் கட்டுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய பாடம் கிடையாது. நாம் போன பிறகு வருபவர் யார், அவர் கையில் எதைக் கொடுத்துவிட்டுப் போகிறோம் என்று கணக்கு எழுதும்போதே நினைக்க வேண்டும். கடனைக் கொடுத்துவிட்டுப் போகிறவனும் உண்டு, கையிருப்பைக் கொடுத்துவிட்டுப் போகிறவனும் உண்டு.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒவ்வொருவரும் வரும் பணத்தில் ஒரு பங்கைச் செலவுக்கு முன்பே எடுத்துத் தனிக் கணக்கில் போடுங்கள். ஆறு மாதச் சம்பளமும் வாடகையும் சேரும் வரை அதைத் தொடாதீர்கள். அதோடு, நம் மாவட்டத்துச் சிறு தொழில்காரர்கள் எல்லாச் சாதி, எல்லா மதத்தாரும் சேர்ந்து, முறைப்படி பதிவு செய்த ஒரு சங்கமாக, ஒரு பொது மகமை தொடங்குவோம். பில் ஒன்றுக்கு இவ்வளவு என்று சிறு தொகை. நிர்வாகிகளுக்கு அதிலிருந்து கடன் கிடையாது, ஆண்டுதோறும் தணிக்கை, கணக்கு எல்லாருக்கும் திறந்திருக்கும். ஆர்பத்நாட் கதை இரண்டாம் முறை நடக்கக் கூடாது. வாடிக்கையாளர் பணம் தாமதமாகி, கூலி கொடுக்க வழியில்லாமல் நிற்கும் உறுப்பினருக்கு அந்தப் பணம் கைகொடுக்கட்டும். மிஞ்சுவதில் பிள்ளைகளுக்குத் தொழில் பழக்கும் ஒரு கூடம் வைப்போம். பத்துப் பேர் வந்தால் போதும், இந்தச் சீசனுக்குள் தொடங்கிவிடலாம். முதல் மகமையை நான் போடுகிறேன். வருகிறவர்கள் பிரானூர்ப் பட்டறைக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள், உங்கள் கணக்குப் புத்தகத்தோடு.

அன்புடன்,
உங்கள் அண்ணன்,
பட்டறைக்காரன், பிரானூர்